சாலைத் திருப்பத்தைக் கூட்டிய தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

சுங்கை சிப்புட் வட்டார உறவுகளுக்கும் எங்கள் தோட்டத்து மக்களுக்கும் வணக்கம்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டேன். சிறுநீரகம் சீராக வேலை செய்கிறதாம். தோள்பட்டை வீக்கம் வடிகிறது. கால்கள் மட்டும் படிக்கட்டைக் கண்டால் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. பள்ளி வேன் நிதிக்காக நான் சைக்கிள் சவாலில் இறங்கிய அந்தச் சனிக்கிழமை இரவு மழை என்ன செய்தது, மரம் எங்கே விழுந்தது, அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அங்கேயே நனைந்துகொண்டு நின்றீர்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றி சொல்லும் தெம்பு இருக்கிறது, அதைத் தள்ளிப்போட மனம் இல்லை.

வெளியூரிலிருந்து பணம் அனுப்பிவிட்டு, "அது என்ன சவால் அக்கா?" என்று கேட்டவர்களுக்காக மட்டும் இரண்டு வார்த்தை. ஒரே மேட்டில் சைக்கிளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறிய உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போய், எவரெஸ்ட்டின் 8,848 மீட்டர் வந்ததும் நிறுத்தலாம். நடுவில் உட்காரலாம், சாப்பிடலாம், அழக்கூடச் செய்யலாம். தூங்க மட்டும் கூடாது. 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்துபோன ஜார்ஜ் மலோரியின் பேரன், அவர் பெயரும் ஜார்ஜ் மலோரிதான், 1994இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலையில் இதைச் செய்தார். அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கச் சாதாரண ஆட்களும் தத்தம் ஊர் மேடுகளில் இறங்கிவிட்டார்கள். நம் பேராக் மாநிலத்திலேயே உயரமான கோர்பு மலை 2,183 மீட்டர். அதை நான்கு தடவை அடுக்கினாலும் 8,848 வராது என்று நம் பள்ளிப் பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிய அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம்மவர்களுக்கு எவரெஸ்ட் என்றால் 1997 மே 23தான். மலேசியாவின் மகேந்திரனும் மோகனதாஸும் உச்சியை எட்டிய நாள். அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவி; எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. அவர்கள் ஏறியது பனிமலை. நான் ஏறியது செம்பனைக்கு நடுவே போகும் தோட்டத்துத் தார்ச்சாலை. இரண்டுக்கும் ஒரே மலையின் பெயரைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் கிளறுகிறவள் நான். டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கும் நம் தமிழ்ப்பள்ளிக்கு வந்து போக வேன் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூத்து.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் பிறகு வருகிறேன். படங்களிலும் காணொளிகளிலும் எங்கேயும் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தோட்டத்து வாசல் தடுப்புக் கம்பத்தருகே இரவுக் காவலுக்கு இருக்கும் நேப்பாளத் தம்பியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேட்டிலிருந்து இறங்கும் சாலை, அவருடைய கொட்டகைக்குச் சற்று முன்னால் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்புகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்தத் திருப்பத்தில்தான் பிரேக் பிடிக்கும். பிடித்த மாத்திரத்தில் பின்பக்கத்திலிருந்து உதிரிப் பழங்கள் சாலையில் சிதறும். வெட்டிய குலையை ஒரு நாளுக்கு மேல் போட்டுவைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். அதனால் காய்ப்பு மிகுந்த நாட்களில் ஆலைக்கு லாரி இரவிலும் ஓடுகிறது. பாக்கு அளவே இருக்கும் அந்தப் பழத்தின் சதை முழுக்க எண்ணெய். லாரிச் சக்கரம் ஏறி நசுக்கினால் எண்ணெய் தாரில் பரவும், அதன்மேல் மழையும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். மோட்டார் சைக்கிள்காரர்களே அங்கே இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். என் சைக்கிள் டயரோ கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

இப்படிப்பட்ட சவாலில் ஏறுவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறும்போது வலிக்கும், அவ்வளவுதான். மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் ஆள் போய்விடும். கண் சொக்கும், விரல் மரத்துப்போய் பிரேக்கை அழுத்துகிறோமா இல்லையா என்றே தெரியாது. பயிற்சிக் காலம் முழுக்க என் கனவில் வந்தது அந்தத் திருப்பம்தான்.

ஆனால் அன்று இரவு, நான் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும், திருப்பம் சுத்தமாக இருந்தது. முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு தடவை குலை பிதுங்கப் பிதுங்க ஏற்றிய லாரி ஒன்று என்னைத் தாண்டி இறங்கிப் போயிற்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தால், தரையில் ஒரு பழம் இல்லை. மாரியம்மாள் துணை என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்குத் திரும்பிவிட்டேன்.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. ஈர்க்கு விளக்குமாற்றோடு அந்தத் தம்பி சாலையின் நடுவே குனிந்து நின்றார். என் விளக்கு வெளிச்சம் பட்டதும் சட்டென்று சாக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். இரவெல்லாம் அப்படித்தான் ஒதுங்கியிருக்கிறார். திடீரென்று ஆளைக் கண்டு நான் பதறி விழுந்துவிடக் கூடாது என்று, தூரத்தில் வெளிச்சம் தெரிந்தவுடனே இருட்டுக்குள் போய் நின்றிருக்கிறார். ஒரு லாரி போனால் ஒரு கூட்டல். மழைக்குப் பிறகு ஒடிந்த கிளை, மட்டைத் துண்டு, சேறு எல்லாவற்றையும் அவரே தள்ளியிருக்கிறார். போதாததற்கு, நான் ஏறத் திரும்பும்போது காலை ஊன்றி நிற்க வேண்டியதில்லாமல், என் மணிச் சத்தம் கேட்டதும் தடுப்புக் கம்பத்தையும் தூக்கிவைத்திருக்கிறார். கூட்டிய பழத்தைக் காட்டில் எறியவும் இல்லை. உதிரிப் பழம் தோட்டத்துச் சொத்து என்று ஒரு சாக்கில் சேர்த்து, காலையில் தோட்டத்து வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் அண்ணனிடம் ஒப்படைத்திருக்கிறார். சாக்கு நிறைந்திருந்ததாம்.

யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஏற்பாட்டுக் குழுவின் பட்டியலில் அப்படி ஒரு வேலையே கிடையாது. தண்ணீர், விளக்கு, முதலுதவி, மாற்று டயர் என்று எல்லாம் யோசித்த எங்களில் ஒருவருக்கும் விளக்குமாறு தோன்றவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி அவரிடம் பேசினேன். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த மலாயும் சேர்ந்து ஒரு மாதிரி ஒப்பேற்றிவிட்டோம். "எப்படியும் நான் விழித்திருக்க வேண்டியவன்தானே, காக்" என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். நான் எவரெஸ்ட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். அவருடைய ஊர் நேப்பாளத்தின் தெற்கே தெராய்ச் சமவெளியில் இருக்கிறது. எவரெஸ்ட்டை நாட்காட்டிப் படத்தில் பார்த்ததோடு சரி. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: மேலே போய் ஒன்றும் எடுத்து வராமல் உடனே இறங்கி வந்தீர்களே, அது எதற்கு? பள்ளி வேன் என்று சொன்னேன். அதற்குத் தலையாட்டினார். ஆனால் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்ததாகத் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்கு, என்னை "இரும்புப் பெண்" என்று புகழ்ந்து ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு ராத்திரி விழித்ததற்கு மாலையும் சால்வையுமா? அந்தத் தம்பிக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, மறுநாள் இரவும் அதே கொட்டகை. நல்ல மனதோடு ஒட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், டவுன் பஸ் நிறுத்தத்தில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள்.

இனி மற்றவர்கள். மழையில் ரம்பத்தோடு ஓடி வந்து மரத்தை அறுத்து வழிவிட்ட வெட்டுக்காரர்களே, அவர்களை எழுப்பிய மண்டோர் அண்ணா, உங்கள் எல்லாருக்கும் கை கூப்புகிறேன். உப்புக் கஞ்சி காய்ச்சிய அக்காமார்களே, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும் என்று மருத்துவர் என்னிடம் சொன்னதை நீங்கள் யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தீர்கள். கோயில் அறையைத் திறந்துவிட்ட நிர்வாகத்தார், விளக்கும் பல்சக்கரமும் இரவல் கொடுத்த ஈப்போ சைக்கிள் நண்பர்கள், கரும்பலகையில் சுற்றுக்கு ஒரு கோடு போட்ட பிள்ளைகள், அவர்களை வீட்டுக்கு விரட்டப் பார்த்துத் தோற்ற ஆசிரியர்கள், இரவுப் பணித் தாதியர், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாத என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் நன்றி. "இதே மேட்டில் நாங்கள் ரப்பர்ப் பால் வாளியைச் சுமந்து ஏறினோமே, அப்போது ஒருத்தரும் கைதட்டவில்லையே" என்று கேலி செய்துகொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்த பாட்டிமார்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்னது நியாயம்தான், பாட்டி.

எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அடுத்த ஆண்டு இதே மேட்டில் தானும் ஏறப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் அம்மா என்மேல் கோபமாக இருக்கிறார். அம்மா சம்மதித்தால், அன்று இரவு நான் சைக்கிளைத் தொடப்போவதில்லை. திருப்பத்தில் விளக்குமாற்றோடு நிற்பது என் வேலை, இதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவைக்கிறேன். காவல்காரத் தம்பிக்கு அன்றைக்கு விடுப்புக் கிடைத்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டலாம்.

வேன் நிதிக்கு வந்த தொகையின் கணக்கைப் பள்ளி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம். இரண்டு தலைவிளக்குகளும், ஒரு பச்சைச் சுடுநீர்க் குடுவையும், யாருடையதென்று தெரியாத ஒரு மழைக்கோட்டும் என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்குத் தேநீர் உண்டு. எழுந்து போட்டுக் கொடுக்க மட்டும் என்னால் இப்போதைக்கு முடியாது.

நன்றியுடன்,
உங்கள் சிற்றுண்டிச்சாலை அக்கா