பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொஞ்சம் வழக்காட விடுங்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் சமூக அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். குடிமையியல் பகுதி பற்றி எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். ஒவ்வொரு அடிப்படை உரிமையோடும் ஒரு உண்மை வழக்கைச் சேர்த்துக் கொடுங்கள். பொதுத்தேர்வில் அதை வைத்து யோசித்து எழுதும் கேள்வி ஒன்று கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தகவல் பஞ்சம் இல்லை. அரசியல் நிர்ணய சபை முதலில் கூடியது 1946 டிசம்பர் 9, அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26, தொடக்கத்தில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து நீதிப்பேராணைகளையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். காவலில் வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க அண்ணனை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா, நாங்க யார்கிட்ட போய் நிக்கணும்?" பாடத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சி வினாக்களில் இப்படி ஒரு கேள்வி வருவதில்லை. வந்திருந்தால் மற்ற எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டு அதைத்தான் முதலில் நடத்தியிருப்பேன்.

அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு 22ஆவது பிரிவைக் கரும்பலகையில் எழுதினேன். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டிய வக்கீலைக் கலந்துபேச விட வேண்டும். வழிப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைது செய்யும்போதே குறிப்பாணை எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தேன். "அப்ப குண்டாஸ்ல போட்டா?" என்று அடுத்த கேள்வி வந்தது. தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேரக் கணக்கு கிடையாது, அந்த விலக்கும் அதே 22ஆவது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்றதும் வகுப்பில் ஒரே சலசலப்பு. "உரிமையைக் குடுத்துட்டு அங்கயே எடுத்துக்கிறாங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி. இதே கேள்வியைத்தான் 1950இல் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அவர் தோற்றார். ஆனால் அன்று பெரும்பான்மை நீதிபதிகள், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பு தரும் 21ஆவது பிரிவைக் குறுக்கிப் பார்த்த பார்வையை 1978இல் மேனகா காந்தி வழக்கு மாற்றியது. தோற்ற வழக்குகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

வழக்குகளுக்கு நாம் டெல்லிவரை போக வேண்டியதில்லை. குடியரசின் முதல் இரண்டு ஆண்டுகளில் அடிப்படை உரிமைகளைப் பற்றிய பெரிய சண்டைகளில் பல சென்னை மாகாண அரசுக்கு எதிராகத்தான் நடந்தன. செண்பகம் துரைராஜன் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணையில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்கள் என்று ஆணை குறிப்பிட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத ஒருவர் தொடுத்த வழக்கில் அந்த அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழகத்தில் பெரியார் தலைமையில் போராட்டம் வெடித்தது. ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம்தரும் 15(4) வந்துவிட்டது. இன்று எங்கள் பிள்ளைகள் விண்ணப்பத்தில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று டிக் அடிக்கும் கட்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "முதல் திருத்தம் – 1951" என்ற ஒரு மதிப்பெண் மட்டும்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்றால் அதே திருத்தம் இன்னொரு வேலையும் செய்ததைச் சொல்ல வேண்டும். 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வார ஏடு இங்கே நுழையக் கூடாது என்று சென்னை அரசு போட்ட தடையை, அந்த ஏட்டின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உடைத்திருந்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் பேச்சுரிமைக்கான வரம்புகளில் ஏறியது அதற்குப் பிறகுதான். இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட திருத்தமே பேச்சுரிமையை நெருக்கவும் செய்தது. இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவர்களை அதிகம் பேசவைத்தது பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் மூன்று உடன்பிறப்புகள், பத்தாம் வகுப்பில் ஒருவர், ஒன்பதில் ஒருவர், ஐந்தில் ஒருவர். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாட மாட்டார்கள். 1985இல் பள்ளி அவர்களை நீக்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. என் வகுப்பில் பாதிப் பேர் தீர்ப்பு தப்பு என்றார்கள். "தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒருத்தர் நின்னுட்டுப் பாடாம இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று ஒருத்தி மடக்கினாள். 2021இல் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை எழுந்து நிற்கச் சொல்கிறது என்றேன். "பாடச் சொல்லுதா?" என்றாள். அந்த வாதம் அடுத்த பீரியடான கணக்குக்குள்ளும் போய்விட்டது. கணக்கு ஆசிரியர் என்மீது இன்னமும் வருத்தத்தில் இருக்கிறார்.

தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சிட்டுப் பல தலைமுறைகளைப் படிக்கவைத்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. நெற்றிப் பொட்டு, திலகத்தையும் அந்தப் பரிந்துரையில் சேர்த்ததால் எதிர்ப்பும் கிளம்பியது. இது தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவுக்கும் மதச் சுதந்திரம் தரும் 25ஆவது பிரிவுக்கும் நடுவே நிற்கிற கேள்வி. வகுப்பறையில் வைத்துப் பேச இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, காரணம் சொல்லி எழுதினால் மதிப்பெண் கொடுங்கள்.

போர்ஷன் முடியாது என்பீர்கள். உலகப் போர்கள், ஏகாதிபத்தியம், வெளியுறவுக் கொள்கை என்று புத்தகம் கனத்துக்கொண்டே போவது உண்மைதான். வெளியுறவுக்கு இருக்கும் இரண்டு பாடங்களை ஒன்றாக்கினாலே எங்களுக்குப் போதிய நேரம் கிடைக்கும்.

நேரத்தைவிடப் பெரிய தடை வேறு. "வகுப்பில் அரசியல் பேசுகிறார்" என்று ஒரு பெற்றோர் ஒரு மனு போட்டால் போதும், ஆசிரியர் விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பயந்தே பலர் பிரிவு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். வழக்குகள் புத்தகத்திலேயே அச்சாகி இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, ஆசிரியர் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு பத்தி போதும்: உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை வகுப்பில் விவாதிப்பது பாடம் நடத்துவதன் பகுதிதான் என்று. அதைத் துறையின் சுற்றறிக்கையாகவும் அனுப்ப ஏற்பாடு செய்தால், தலைமையாசிரியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதைச் சொருகி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்