விளையாட்டுப் பக்கங்களை எழுதுவோருக்கு: யூதர்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர்களுக்கும், மாணவர்களுக்கான பொது அறிவு நூல்களைத் தொகுப்போருக்கும் வணக்கம்.

பள்ளி நூலகமொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் மாணவர்களுக்கான ஒரு தொகுப்பு நூலைப் புரட்டியபோது, யூதர்கள் அறிவுத்துறைகளில் உலகை வென்றவர்கள் என்றும் விளையாட்டு மட்டும் அவர்களுக்குக் கைவராது என்றும் ஒரு குறிப்பைக் கண்டேன். அதே நூலின் சொற்பொருள் பட்டியலில் யூதர் என்பதற்கு ‘யூத மதத்தைப் பின்பற்றுபவர்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் ஒருவரே எழுதியிருந்தால் அவர் ஒரு நொடி நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரு மதத்தைப் பின்பற்றுவோருக்கு ஓடவோ நீந்தவோ வராது என்பதில் பொருளே இல்லை. ஆகவே சொற்பொருளை எழுதும்போது மதமாகத் தெரிந்த யூதர், விளையாட்டைப் பற்றி எழுதும்போது பிறவிக் குணங்களுடைய இனமாக மாறிவிட்டார். இந்தக் குழப்பம் அந்த ஒரு நூலோடு நிற்கவில்லை என்பதால்தான் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

யூத சமயச் சட்டத்தின்படி, யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். முறைப்படி சமயத்தை ஏற்று உள்ளே வந்தவரும் முழு யூதரே. முதல் வழி பிறப்பு, இரண்டாவது வழி நம்பிக்கை. பிறப்பால் யூதரானவர் கடவுளே இல்லை என்று சொன்னாலும் அச்சட்டத்தின் கண்ணில் யூதராகவே இருக்கிறார். அமெரிக்காவில் 2020இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பில், யூதர்களாகத் தங்களைக் கருதும் வயது வந்தோரில் 27 விழுக்காட்டினர் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்றே கூறியிருக்கிறார்கள். மறுபுறம், யூதப் பெற்றோருக்குப் பிறந்து, நாஜிகளிடமிருந்து பிறரைக் காப்பாற்றி, பின்னர் கத்தோலிக்கத் துறவியான ஆஸ்வால்டு ரூஃபைசன், யூதர் என்ற உரிமையில் இஸ்ரேலியக் குடியுரிமை கேட்டபோது, 1962இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேறு சமயத்தைத் தாமாக ஏற்றவரை, யூதர்களுக்குக் குடியுரிமை தரும் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் பொருளில் யூதராகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பு. கடவுளை நம்பாதவர் உள்ளே இருக்கிறார், வேறு கடவுளை ஏற்றவர் வெளியே நிற்கிறார். மதம் என்ற ஒரு சொல்லால் மட்டுமோ, இனம் என்ற ஒரு சொல்லால் மட்டுமோ இதை விளக்க முடியாது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வணிகக் குழுவான அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சி யூதப் பெண்கள் தங்கள் சமயப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடினார்கள். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்த பெனே இஸ்ரேல் மக்களை, சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அக்கம்பக்கத்தார் அழைத்தார்கள். அதே மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, திருமணத்துக்காக அவர்களுடைய யூதப் பிறப்பை ஆராய வேண்டுமென்று அங்குள்ள சமயத் தலைமை கோரியது. போராட்டங்களுக்குப் பிறகே 1964இல் அவர்கள் முழு யூதர்களாக ஏற்கப்பட்டார்கள். நிறம், மொழி, உணவு அனைத்திலும் வேறுபட்ட போலந்தின் வார்சா யூதரையும் கொச்சி யூதரையும் சேர்த்துக் கட்டும் இழை, பகிர்ந்துகொண்ட நாட்காட்டியும் நூல்களும் முன்னோர் நினைவும்தான். உடற்கூற்றில் அதைத் தேடுவது வீண்.

உடற்கூற்றில் தேடியவர்கள் யார் என்பதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நாஜி ஜெர்மனியின் 1935ஆம் ஆண்டு நூரம்பர்க் சட்டங்களும் அவற்றின் துணை விதிகளும், ஒருவரின் நம்பிக்கை என்ன என்பதை முதன்மையாகக் கொள்ளாமல், தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணின. வாள்வீச்சு வீராங்கனை ஹெலன் மேயரின் தந்தை யூத மருத்துவர், தாய் கிறித்தவர். யூத சமயச் சட்டப்படி அவர் யூதர் அல்லர். 1928 ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் ஜெர்மனிக்குத் தங்கம் வென்று கொடுத்த அவரை, 1933இல் சொந்த ஊர் வாள்வீச்சுக் கழகமே உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்துவிடுமோ என்று அஞ்சிய நாஜி அரசு, உலகுக்குக் காட்டுவதற்காக அவரைத் திரும்ப அழைத்தது. அவர் வெள்ளி வென்று மேடையில் நாஜி வணக்கம் செலுத்தினார். அந்தப் படத்தை வெளியிடும் நீங்கள் அவரை ‘யூத வீராங்கனை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அது அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரன்று, சட்டம் ஒட்டிய முத்திரை.

மேடைக்கே வர முடியாமற்போன ஒருவரும் உண்டு. உயரம் தாண்டும் வீராங்கனை கிரெட்டல் பெர்க்மன், 1936 ஜூன் மாத இறுதியில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மானியச் சாதனையைச் சமன் செய்தார். அமெரிக்க அணி கப்பலேறியதும், அணியில் அவருக்கு இடமில்லை என்று கடிதம் அனுப்பினார்கள். அவர் காயமுற்றிருப்பதாகச் சக வீராங்கனைகளிடம் சொன்னார்கள். பெர்லினில் மூன்று பெண்கள் அதே 1.60 மீட்டரில் சமமாக நிற்க, முடிவு காணும் தாண்டலில் தங்கம் வென்றவர் ஹங்கேரியின் இபோல்யா சாக், அவரும் யூதர். ஒரு யூதப் பெண்ணை விலக்கிவிட்டு நடத்திய போட்டியில் வேறொரு யூதப் பெண் வென்றார் என்ற செய்தியை நம் ஒலிம்பிக் சிறப்பிதழ்களில் நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. ஜெஸ்ஸி ஓவன்சைப் பற்றியும் தியான் சந்தைப் பற்றியும் நிறைவாக எழுதும் அந்தப் பக்கங்களில் இவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். பெர்க்மனின் சாதனையை ஜெர்மன் தடகளச் சங்கம் 2009இல்தான் மீண்டும் பதிவேட்டில் சேர்த்தது. அப்போது அவர் அமெரிக்காவில், 95 வயதில், உயிரோடு இருந்தார்.

‘விளையாட்டு வராது’ என்ற கூற்றை மறுக்கப் பெயர்களை அடுக்குவது எளிது. நவீன ஒலிம்பிக்கின் முதல் நீச்சல் தங்கத்தை 1896இல் பிரேயஸ் துறைமுகத்தின் குளிர்ந்த கடலில் வென்ற ஆல்பிரெட் ஹாயோஷ் புடாபெஸ்ட் யூதர். அதே நகரில் பிறந்து, கிறித்தவப் பெண்ணொருத்தியின் அடையாளத் தாள்களோடு உயிர் தப்பி, அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் தந்தையை இழந்த ஆக்னஸ் கெலெட்டி, 1956 மெல்பர்னில் 35 வயதில் நான்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கங்கள் வென்றார். ஆயினும் பட்டியலை நான் நீட்ட விரும்பவில்லை. பட்டியலால் நிலைநாட்ட வேண்டிய நிலைக்கு ஒரு மக்களைத் தள்ளுவதே அநீதி என்று கருதுகிறேன். ஒரு காலத்தில் நிலைமை எப்படித் தலைகீழாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் குத்துச்சண்டையும் கூடைப்பந்தும் யூதர்களின் விளையாட்டுகளாகவே பார்க்கப்பட்டன. நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ நகரங்களின் நெருக்கடியான குடியேறிகள் பகுதிகளில் பெரிய மைதானங்கள் இல்லை. ஒரு வளையமும் ஒரு பந்தும் போதுமான ஆட்டம் அங்கே வேரூன்றியது. சிகாகோவில் சிறு மளிகைக் கடை நடத்திய சமய அறிஞரின் மகன் பார்னி ராஸ், தந்தை கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின் குடும்பத்தைக் காக்கக் குத்துச்சண்டைக்கு வந்து, மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். அப்போது விளையாட்டு எழுத்தாளர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கூடைப்பந்து தந்திரமும் ஏமாற்றும் நிறைந்த ஆட்டம் என்பதால் யூத மூளைக்குப் பொருந்துகிறது என்று எழுதினார்கள். பின்னர் அந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் கல்லூரிகளுக்கும் புறநகர்களுக்கும் நகர்ந்தார்கள், வளையத்தின் கீழ் வேறு ஏழை மக்களின் பிள்ளைகள் வந்தார்கள், உடனே யூதருக்கு விளையாட்டு வராது என்ற பேச்சு நிலைபெற்றது. வென்றபோது சூழ்ச்சி, விலகியபோது உடல் பலவீனம். இரண்டிலும் காரணம் வறுமையும் வாழிடமும்தான்; எழுதியவர்களோ இரத்தத்தைக் காரணமாக்கினார்கள்.

யூதர்களுள்ளேயே அந்தப் பழிச்சொல்லை நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 1898இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், யூதருக்கெனத் தனித் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் மாநாட்டில் மருத்துவர் மாக்ஸ் நோர்டாவ், ‘தசைவலு மிக்க யூதம்’ வேண்டுமென்று முழங்கினார். அவர் நோக்கம் புரிகிறது, ஆனால் கூனிய உடல் என்ற எதிரியின் சித்திரத்தை அவரே ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த உணர்விலிருந்து பிறந்ததுதான் 1909இல் வியன்னாவில் தொடங்கிய ஹக்கோவா கழகம். எபிரேயத்தில் அச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். 1923இல் லண்டனுக்குச் சென்று வெஸ்ட் ஹாம் அணியை 5–0 என்று வென்ற அதன் கால்பந்து அணி, 1925இல் ஆஸ்திரியப் பட்டத்தையும் வென்றது. அதன் நீச்சல் வீராங்கனை யூடித் டாய்ச், 1936 பெர்லினுக்குப் போக மறுத்ததால் தடைசெய்யப்பட்டார், பட்டங்களும் பறிக்கப்பட்டன. 1938இல் நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்தபின் கழகமே கலைக்கப்பட்டது, வீரர்கள் சிலர் முகாம்களில் கொல்லப்பட்டார்கள்.

அடையாளம் ஒரு மனிதரிடம் எப்படி வாழ்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்றுகள் பேஸ்பால் ஆட்டத்தில் இருக்கின்றன. டெட்ராய்ட் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க், 1934இல் யூதப் புத்தாண்டன்று ஆடி இரண்டு ஹோம் ரன் அடித்து அணியை வெற்றிபெறச் செய்தார். சில நாள் கழித்து வந்த யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளில் ஆட மறுத்துத் தொழுகைக்கூடம் சென்றார்; அன்று அணி தோற்றது. 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் அதே நோன்பு நாளில் அமைந்தபோது, பெரிய பக்தர் என்று பெயரெடுக்காத சாண்டி கூஃபாக்ஸ் பந்தெறிய மறுத்தார். பின்னர் ஏழாவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடத் தராமல் தொடரை வென்று கொடுத்தார். அவர்கள் மறுத்தது மதத்துக்காகவா, முன்னோருக்காகவா, தம் மக்களோடு நிற்பதற்காகவா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை.

‘அறிவாளிகள்’ என்பது பாராட்டுத்தானே, அதில் என்ன தவறு என்று உங்களில் சிலர் கேட்கலாம். மூளை மட்டுமே உடையவர் என்று ஒரு மக்களைச் சித்திரித்தால், அடுத்த வரியில் அந்த மூளை சதி செய்கிறது என்று எழுதுவதற்கு எவருக்கும் கை கூசாது. மேற்சொன்ன கூடைப்பந்து எழுத்தாளர்கள் செய்தது அதுதான். இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிக்க நமக்கு முழு உரிமை உண்டு, நானும் கண்டித்திருக்கிறேன். ஆனால் ஒரு வீரர் யூதர் என்பதற்காக மட்டும் அந்த அரசின் கணக்கை அவரிடம் கேட்பது நியாயமாகாது.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது: ஒரு வீரரை யூதர் என்று குறிப்பிடும்போது, அச்செய்திக்கு அது தேவையா என்று பாருங்கள், தேவையென்றால், அவர் வழிபடுபவரா, யூதக் குடும்பத்தில் பிறந்தவரா, பிறர் அப்படி முத்திரையிட்டதா என்பதைக் கூடுதலாக ஒரு வாக்கியத்தில் தெளிவுபடுத்துங்கள். ‘யூத மூளை’ என்ற சொற்சேர்க்கையை உங்கள் பக்கங்களிலிருந்து விலக்குங்கள். நான் குறிப்பிட்ட தொகுப்பு நூலின் பதிப்பாளருக்குத் தனியே எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் அந்தக் குறிப்பு இருந்த இடத்தில் கிரெட்டல் பெர்க்மனின் பெயரும் 1.60 மீட்டர் என்ற அளவும் இடம்பெற வேண்டுமென்று கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் படிக்கும் ஓய்வுபெற்ற நூலகர்