மூன்றாம் வகுப்புக்கும் கணினி அறையைத் திறந்துவிடுங்கள்

மதுரை மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய, மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நடுநிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம், அதாவது கணினி அறை, வந்திருக்கிறது. என் காலத்தில் ஒரு டேப் ரிக்கார்டருக்கே மனுப் போட்டுக் காத்திருந்தோம், அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து எட்டு வரை பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், நான் போய்ப் பார்த்த இடங்களில் எல்லாம், அந்த அறைக்குள் போவது ஆறு, ஏழு, எட்டு மட்டும்தான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். அவர்களுக்கும் வாரத்தில் வகுப்புக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

"சின்னப் பிள்ளைக, உடைச்சுப்புடும்" என்கிறார்கள். உடையட்டும் என்று நான் சொல்லவில்லை. பூட்டியே கிடக்கிற அறையில் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போகிறது, எலி வயரைக் கடிக்கிறது, விசைப்பலகைக்குள் தூசி இறங்குகிறது. பிள்ளைகள் கை பட்டுக் கெட்டதைவிட யார் கையும் படாமல் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சத்துணவு சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரவேண்டும், மூடி வைக்கிற துணியை எடுத்து மடிப்பது இன்னாருடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளைவிட ஒழுங்காக நடந்துகொள்ளும்.

"போன்ல எல்லாம் தெரியுதே, தனியா எதுக்கு?" என்று பெற்றோர்கள் கேட்கிறீர்கள். போனில் பிள்ளைக்குத் தெரிவது பார்ப்பது. மைக்கை அழுத்திப் பேரைச் சொன்னால் வீடியோ வருகிறது, விரலால் தள்ளினால் அடுத்தது வருகிறது. தானாக ஒன்றை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்து, மறுவாரம் தேடி எடுத்துத் திருத்துவது அதில் பழகுவதில்லை. நான் வரையச் சொன்ன படத்தைப் பிள்ளைகள் ஆசையாக வரைந்தார்கள். எங்கே வைத்தாய் என்று கேட்டதற்குப் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. கோப்பு, கோப்புறை என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தமிழில் தட்டச்சு செய்வதிலிருந்து என்பேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பல இடங்களில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கச் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டவே இன்னும் திணறுகிற எட்டு வயதுப் பிள்ளை, தன் தாய்மொழியை எழுத அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதில்லை. நமக்குத் தமிழ்99 இருக்கிறது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக இந்த 31 எழுத்தின் இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டால் 247 எழுத்தும் வந்துவிடும். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி'. ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையில் நாம் எழுதிப்போட்ட அதே கணக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய் இரட்டித்து வந்தால் முன்னதற்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் அப்பா, அக்கா, அத்தை, பாட்டி என்று உறவையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள். நாம் தூண்டவே வேண்டாம்.

இன்றைய விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது, அமைப்புகளில் சேர்த்தால் போதும். விசைகளின் மேல் தமிழ் எழுத்து இருக்காது. வெள்ளைத் தாளில் எழுதி, வெட்டி, செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடலாம்.

அடுத்தது, கணினிக்குக் கட்டளை கொடுக்கப் பழக்குவது. ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளை அமெரிக்காவின் எம்ஐடி 2007 இல் வெளியிட்டது. காசு கிடையாது, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. அதை 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து உருவாக்கினார்கள். எட்டு வயது என்றால் நமக்கு மூன்றாம் வகுப்பு. "முன்னே போ, 90 பாகை திரும்பு, இதை நாலு தடவை செய்" என்றால் சதுரம். 60 பாகை, ஆறு தடவை என்றால் அறுகோணம். ஐங்கோணத்துக்கு எத்தனை பாகை என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஒரு முழுச் சுற்றான 360ஐ ஐந்தால் வகுக்கவேண்டும் என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். வாசலில் புள்ளி வைத்து, ஒரே வளைவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கோலத்தை முடிக்கிற ஊர் இது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே நம் கோலங்களைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான வித்தை இல்லை.

பத்துக் கணினிக்கு முப்பது பிள்ளைகள் என்றால், மூன்று பேருக்கு ஒன்று. ஒருவர் கையில் மவுஸ், மற்ற இருவர் வாயால் சொல்லவேண்டும். மணி பார்த்து இடம் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும். நாற்காலிகள் பெரிய பிள்ளைகளின் உயரத்துக்கு வாங்கியவை. சின்னதுகளுக்குக் கால் தொங்கும், காலுக்கடியில் ஒரு பலகை போடுங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. பல வீடுகளில் அப்பத்தாவுக்கு வருகிற ஓடிபியை வாசித்துச் சொல்வது பேரப்பிள்ளைதான். போனில் யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது, பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்துக்கே சொன்ன மாதிரி.

ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியாததில்லை. எமிஸ் என்கிற கல்வித் துறையின் இணையப் பதிவுக்கே பாதி நாள் போகிறது. மூன்று வகுப்புக்கும் சேர்த்து வாரத்தில் மூன்று பாடவேளைதான் கேட்கிறேன். நத்தம் சாலையில் 2023 இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. நகரத்துப் பிள்ளை பஸ் ஏறிப் போய்விடும். சேடபட்டி, கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, சாவி யாரிடம் என்பது மூன்றும் பதிவேட்டில் வரட்டும். தமிழ்99 சொல்லித்தர ஆள் இல்லை என்று எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். திருமங்கலம், தே.கல்லுப்பட்டி ஒன்றியங்கள் என்றால் எந்த நாளும், மற்ற ஒன்றியங்களுக்கு முன்கூட்டிச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
திருமங்கலம்.