வெறும் வலி மாத்திரை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய குழந்தைக்குக் காய்ச்சலோ வலியோ வந்தால், பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டில் கையிலிருப்பதைக் கொடுத்தால் போதும் என்று தங்கள் மருத்துவப் பக்கம் சென்ற வாரம் ஒரே வரியில் முடித்துவிட்டது. இதயத்தின் மேலறைகளுக்கு இடையே இருந்த துளையை அடைக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிறுமியின் தாயாகிய என்னால் அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. பாரசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் தணிக்கும். அழற்சியை அடக்குவதில் அதற்குப் பெரிய பங்கில்லை. ஐபுப்ரோஃபென் அழற்சியை அடக்கும். ஆனால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கக்கூடும். நீர் பிரிய ஃபுரோசமைடும் இதயத்தின் சுமை குறைய எனலாப்ரிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகம் தாங்குமா? இரத்தம் உறையாதிருக்கக் குறைந்த அளவில் கொடுக்கப்படும் ஆஸ்பிரினின் வேலையையே ஐபுப்ரோஃபென் தடுக்கக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும் குழந்தைக்கோ இரத்தக்கசிவு அபாயம்.

அதற்காக ஐபுப்ரோஃபெனே ஆகாது என்று நான் சொல்லவில்லை. என் மகளைத் தேற்றியதே அதுதான். அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மல்லாந்து படுத்தால் நெஞ்சு வலிக்கிறது என்று அழுதாள்; முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால்தான் வலி குறைந்தது. சளிக் காய்ச்சல் என்று சொல்லி ஒரு மருத்துவர் மருந்தெழுதி அனுப்பிவிட்டார். இதய மருத்துவர் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்த பிறகே, இதய உறையில் அழற்சி ஏற்பட்டு நீர் கோத்திருப்பது தெரிந்தது. அந்த நீர் பெருகினால் இதயத்தையே நெருக்கி உயிருக்கு ஆபத்தாகும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, எடைக்கேற்ற அளவில் வேளை தவறாமல் ஐபுப்ரோஃபென் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் விட்டதும், இன்னும் எதற்கு வலி மாத்திரை என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் படிப்பது தங்கள் இதழைத்தான்.

அழற்சியை அடக்கும் இன்னொரு வகை மருந்தான ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று முன்பொரு முறை எழுதினீர்கள். வாரக்கணக்கில் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் குழந்தையின் உடல் ஈடுகொடுக்காது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அப்போதும் கடிதம் அனுப்பினேன். அதை வெளியிடவில்லை, பதிலும் இல்லை. சுமார் 1,200 கைக்குழந்தைகளிடம் நடத்தி 2022இல் வெளிவந்த ஆய்வில், இதய அறுவையின்போது கொடுத்த மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எதிர்பார்த்த பலனைத் தெளிவாகக் காட்டவில்லை. இப்படி நிதானமாக எழுத எவ்வளவோ இருக்க, பெற்றோரை அச்சுறுத்தும் ஒரு சொல்லே தங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைக்கு எந்த வலி மாத்திரையையும் இதய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. காய்ச்சலோடு நெஞ்சுவலியோ வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே அவரிடம் காட்ட வேண்டும் என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி