முதலில் தாள், அப்புறம் தாலி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாமானெல்லாம் முற்றத்தில். அதனால்தான் தாமதம், திட்டாதே.

உன் தங்கை மகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை அமைந்ததில் சந்தோஷம். ஆனால் ஆவணியிலேயே முகூர்த்தம் என்றாயே, அங்கேதான் எனக்கு பகீரென்றது.

எங்கள் ஊரில் சொல்தா வீட்டுச் சம்பந்தம் (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் குடும்பம்) என்றால் தாலி ஏறிய மறுமாதமே பாரிஸ் என்று பேசுவார்கள். நானும் நம்பினேன். உண்மையில், கல்யாணத்துக்கு முன்பே தூதரகத்தில் மனு போட வேண்டும். பத்து நாள் அறிவிப்பு ஒட்டி, தடையில்லை என்று ஒரு சான்று தருவார்கள். நாங்கள் நல்ல நாள் போய்விடும் என்று என் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போய் நின்றோம். விசாரணையெல்லாம் அப்புறம் தொடங்கி, திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற எட்டு மாதம் ஆனது. அது ஏறினால்தான் விசா. விசாவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது, சீக்கிரமே வந்தது. காத்திருந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான்.

பாதி நாள் தின்றது பெயர். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம் பெண்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர் முழுசாக, அதிலும் ஒரு ‘எச்’ கூடுதல். மூன்று தாளில் மூன்று பெண்கள்! மாப்பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய முன்னோர் 1881-இல் பிரெஞ்சு அரசு போட்ட ஆணைப்படி குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்கள்.

பிரான்ஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிந்துவிட்டால் போதும், வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் இங்கே படித்த நர்சிங்கை அங்கே அப்படியே ஏற்பதில்லை. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினாள். ஊசி போட்ட கை.

ஒரு வருட விசா முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு நான்கு மாதம் முன்பிருந்து இரண்டு மாதம் முன்புவரை மனு போடலாம். அவள் நாள் தவறாமல் போட்டாள். பதில்தான் வரவில்லை. இடைக்காலச் சான்றும் வராததால், கடைக்காரர் ‘தாள் வந்ததும் வாம்மா’ என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் சும்மா இருந்தாள். தினமும் போனில், ‘சாப்பிட்டாயா அம்மா’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியாதா?

சரி, அங்கே தங்குவதற்கான கார்டு போன மாதம் வந்துவிட்டது.

நீ முதலில் அந்தப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார். ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால் உடனே பெயர் சேர்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. எங்கள் ஃபைலை அப்படியே வைத்திருக்கிறேன், வெள்ளையடிக்கிறவனின் சுண்ணாம்பு படாமல் பீரோவுக்குள்.

உன்,
முத்தியால்பேட்டைக்காரி