கதிர்வேலுக்கு அம்மா எழுதுவது

கோபிசெட்டிபாளையம்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள கதிர்வேலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மஞ்சள் வெட்டு ஆரம்பித்தாகிவிட்டது, ஆள்தான் கிடைப்பதில்லை. பாரியூர் குண்டம் நல்லபடியாக முடிந்தது. நீ கொடுக்கச் சொன்னதைக் கொடுத்துவிட்டோம். கொடுமுடி விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டேதான் கிடக்கிறது. சித்தோட்டு மாமா மகள் அமெரிக்காவுக்கு, உங்கள் கொலம்பஸுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய்; பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த டிவியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ பாஸ்கெட்பால் பார்த்துக்கொண்டிருந்தாய். நடுவில் என்னை மறந்துவிட்டு ஒரு பிள்ளையைத் திட்டினாய். கடைசி நேரத்தில் ஃப்ரீ த்ரோ இரண்டையும் விட்டுவிட்டான் போலிருக்கிறது. நீ சொன்ன வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. "காலேஜ் பிள்ளையைப் போய் இப்படிச் சொல்கிறாயே" என்றேன். "சம்பளம் வாங்கறானுங்கம்மா, கேட்கக் கூடாதா?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. தானாகப் போனதா, நீ வைத்தாயா, தெரியாது. அப்புறம் நீ கூப்பிடவும் இல்லை.

கேட்கலாம் சாமி. யார் கேட்கக் கூடாது என்றது? வேலை பார்த்த காலமெல்லாம் கழுத்தில் விசிலோடு வெயிலில் நின்றவள் நான். என்னிடம் திட்டு வாங்காமல் ஒரு பெண்ணும் டிஸ்ட்ரிக்ட் மேட்ச் போனதில்லை. தப்பாக ஆடினாலும் "சூப்பர், சூப்பர்" என்று கை தட்டுகிற கூட்டத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. கால் எங்கே வைத்தாள், தோள் ஏன் இறங்கியது என்று சொல்லத் தெரியாதவன்தான் அப்படித் தட்டுவான்.

சம்பளக் கதையும் எனக்குத் தெரியும், உன் மகன் நித்தின்தான் முன்பு சொல்லியிருக்கிறான். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பேரையும் படத்தையும் வைத்து அந்தப் பிள்ளைகள் சம்பாதித்துக்கொள்ளலாம். 2025-லிருந்து காலேஜே நேராகப் பணம் கொடுக்கலாம், ஒரு காலேஜ் வருஷத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல். சரி, வாங்கட்டும். ஆனால் அதில் பெரும்பங்கு புட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போய்விடுகிறதாம். நீச்சல்காரனுக்கும் வாலிபால்காரனுக்கும் என்ன மிஞ்சும்? கேட்பது என்று வந்துவிட்டால் ஆளுக்குத் தகுந்த மாதிரி கேட்க வேண்டாமா? அதுவும் பணத்துக்குக் கணக்குக் கேட்பதென்றால் மேலே இருப்பவனிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோச்சைத் திட்டு. அவருக்கு வயசும் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது, தாங்கிக்கொள்வார். பத்தொன்பது வயசுப் பையனை விட்டுவிடு.

மேட்ச் மேல் பணம் கட்டுகிற பந்தயத்தைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதிவிடுகிறேன். உங்கள் ஓஹியோவில் 2023 ஜனவரி 1 முதல் அது சட்டப்படியே நடக்கிறது என்றும், தனி ஒரு காலேஜ் பிள்ளை இத்தனை புள்ளி எடுப்பானா என்று கட்டுவதை மட்டும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். பணம் கட்டித் தோற்றவன் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வைகிறானாம். நீ அந்தப் பக்கம் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா வீட்டைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அதற்கு மேல் எழுதவில்லை.

பொங்கலுக்கு நம் ஊரில் ராத்திரி கபடி வைத்தார்கள். தெற்கு வீதிப் பையன் ஒருவன், காலேஜில் இரண்டாம் வருஷம், நல்ல ரெய்டர். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்தான் இருக்கிறது, அவனுக்கு டூ ஆர் டை ரெய்டு, புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். எதிரே நிற்பது ஐந்து பேர். இவன் என்ன நினைத்தானோ, அழகாகக் காலை நீட்டி போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறான். ஆறு பேராவது நின்றால்தானே போனஸ்! அவுட். மேட்ச்சும் போனது. நம் எண்ணெய்ச் செக்குக்காரர் இருக்கிறாரே, அவர் கயிற்றைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். "ஏன்டா, ஆள் எண்ணத் தெரியாதா? காலேஜ்ல அதைக்கூடச் சொல்லித் தரலையா?" என்று ஊரே கேட்கிற மாதிரி கத்தினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நானும் சும்மா இருக்கவில்லை, "விரலை விட்டாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா" என்றேன்.

ஆனால் அந்தப் பையன் காலில் போட்டிருந்த ஷூ செக்குக்காரர் வாங்கிக் கொடுத்தது. தினமும் அவனுக்கு நாலு முட்டை அவர் கணக்கில்தான் போகிறது. மறுநாள் வெள்ளென அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டியபடி டீக்கடைக்குப் போகிறான். அந்தத் திட்டு எந்தக் கணக்கில் சேரும், நீயே சொல். அவர் வாய்க்கு உரிமை இருக்கிறது. நீ அந்த பாஸ்கெட்பால் பையனுக்கு ஒரு முட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறாயா?

டிக்கெட் வாங்கினேன் என்பாய். அந்தப் புட்பால் ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம் என்று கூட்டிப் போய்க் காட்டினாயே, அத்தனை பேரும்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

நான் அங்கே வந்திருந்த குளிர்காலத்தில் அந்தப் புத்தாண்டு ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். 2022 டிசம்பர் 31. ஜார்ஜியாவோடு அமெரிக்கப் புட்பால் மேட்ச். உன் ஓஹியோ ஸ்டேட் டீம் மூன்று பாகம் முடியும்போது 38–24 என்று முன்னால் இருந்தது. நீ எழுந்து குதித்தாய், அம்மிணிகூட அடுப்படியை விட்டு வந்து உட்கார்ந்தாள். கடைசிப் பாகத்தில் பதினாலு புள்ளி முன்னிலையும் கரைந்துவிட்டது. 42–41 என்று ஜார்ஜியா முன்னால். மணி பன்னிரண்டு அடிக்கிற நேரத்தில் ஒரு பையன் ஐம்பது கஜத்திலிருந்து உதைத்தான், பந்து இடது பக்கமாக விலகிப் போய்விட்டது. வெளியே வெடி வெடிக்கிறார்கள், நீ உள்ளே வெடித்தாய். முன்னிலையைக் கோட்டை விட்டது மொத்த டீமும். திட்டு முழுக்க உதைத்தவன் ஒருத்தனுக்கு. ஐம்பது கஜம் என்றால் எவ்வளவு தூரம் என்று நம் காட்டில் அளந்து காட்டட்டுமா? கிணற்று மேட்டிலிருந்து புளியமரம் தாண்டும். நீ உதைத்துக் காட்டு, நான் திட்டவில்லை.

அன்று நான் உன்னைப் பார்க்கவில்லை கண்ணு. மாடிப்படியில் மூன்றாவது படியில் நித்தின் உட்கார்ந்திருந்தான், அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. டிவியைப் பார்க்கவில்லை. உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நீ ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டான். பிறகு சத்தமில்லாமல் எழுந்து மேலே போய்விட்டான். நீ கவனித்திருக்கமாட்டாய்.

அந்த உதைத்த பையனுக்கு நீ திட்டியது கேட்டிருக்குமா? அட்லாண்டாவில் நின்றவனுக்கு எப்படிக் கேட்கும்? யாருக்குக் கேட்டதோ அவனுக்குக் கேட்டது.

என்னிடம் படித்த சென்னிமலைப் பிள்ளையை உனக்குத் தெரியும், இப்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸில் இருக்கிறாள், பவானி பக்கம் போஸ்டிங். பத்தாவது படிக்கும்போது வாலிபால் சோனல் ஃபைனலில் கடைசி சர்வீஸை நெட்டில் அடித்தாள். அது ஆண்கள் பள்ளி மைதானம், சுற்றி ஐந்நூறு பேர், எதிர் டீம் பக்கம் நின்ற பையன்கள் வாய்க்கு வந்ததை எல்லாம் கத்தினார்கள். எனக்கே காது கூசியது. நோம்பிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அதைப் பற்றிக் கேட்டேன். "அவங்க கத்தினது ஒன்னுமே ஞாபகம் இல்லைங்க டீச்சர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு எங்க மாமா ஒரு வார்த்தை சொன்னாரு, அது மட்டும் இன்னைக்கும் சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கினா கேக்குது" என்றாள். அந்த மாமன் கெட்டவன் இல்லை. தறி ஓட்டிச் சம்பாதித்துப் படிக்க வைத்தவன் அவன்தான்.

நீயும் கெட்டவன் இல்லை. உன்னைப் பற்றிக் கேட்காத ஒரம்பரை இல்லை. அரசுப் பள்ளியில் படித்து இவ்வளவு தூரம் போனவன், அங்கேயும் வருஷா வருஷம் நம் பள்ளிக்குப் பணம் அனுப்புகிறவன். போன வருஷம் நீ அனுப்பியதில் வாலிபால் கோர்ட்டுக்கு லைட் போட்டார்கள், உன் பேரைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அப்பா யார் வந்தாலும் அந்தப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகிறார். அப்படிப்பட்டவன் வாயில் அந்த வார்த்தை எப்படி வருகிறது?

ஹாரி மில்லர் என்ற பையனைப் பற்றி நீதான் சொன்னாய். உங்கள் ஓஹியோ ஸ்டேட் டீமில் இருந்தவன், இன்ஜினியரிங் மாணவன், படிப்பில் கெட்டி. 2022 மார்ச்சில், இனி ஆடப்போவதில்லை என்று எழுதினான். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதையும், அதைக் கோச்சிடம் போய்ச் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருந்தான். அந்தக் கோச் ரையன் டே உடனே டாக்டர்களிடம் சேர்த்துவிட்டார். "பாவம்மா" என்று சொல்லும்போது உன் குரலே மாறிப்போனது. திட்டியவர்களால்தான் அவனுக்கு அப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை, ஒரு மனசுக்குள் எத்தனையோ இருக்கும். ஆனால் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரு ஆள் இருந்தார். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி தூக்கம் கலைந்தால் அதுதான்.

அதே ரையன் டேயை 2024 நவம்பரில் மிச்சிகனிடம் 13–10 தோற்றவுடன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்களில் நீயும் ஒருத்தன். ஜனவரி 20-ம் தேதி நோட்டர் டேமை 34–23 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியதும் அவர் படத்தைப் போட்டு எனக்கு அனுப்பினாய். சரி, கோச்சைத் திட்டச் சொன்னவளே நான்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நித்தின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். அப்பா எப்போது "நம்ம ஆளு" என்பார், எப்போது "தண்டம்" என்பார் என்று அவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கும்.

அவன் வாலிபால் ஆடுகிறானா இன்னும்? நான் அங்கே இருந்தபோது கார் ஷெட்டுக்குள் நின்றே அண்டர்ஆர்ம் சொல்லிக் கொடுத்தேன். கை இரண்டும் பலகை மாதிரி சேரும் அவனுக்கு, உனக்கு அப்படிச் சேராது. ஓஹியோ ஸ்டேட்டே ஆண்கள் வாலிபாலில் 2011, 2016, 2017 என்று மூன்று தடவை ஜெயித்திருக்கிறதாம், அவன்தான் சொன்னான். அப்போதெல்லாம் வீடியோ காலில் வந்தால் முதலில் பந்தைக் காட்டுவான். தீபாவளிக்கு அம்மிணியிடம் கேட்டேன், "படிப்பு அதிகம்ங்க அத்தை" என்றாள். பொங்கலுக்குக் கேட்டேன், தூங்குகிறான் என்றாள். இங்கே பொழுது சாய்கிற நேரம், அங்கே விடிந்திருக்கும். பதினாறு வயசுப் பிள்ளை தூங்கலாம்தான். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் மேலே கேட்கவில்லை.

அவனுக்கு மேட்ச் இருந்தால் நீ போ. ஆபீஸ் வேலை இருந்தாலும் போ. போய் மேல் வரிசையில் உட்கார். கத்த வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம், ரெஃபரியோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவன் சர்வீஸை நெட்டில் அடித்தால் உன் முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பான், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். அப்போது போனைப் பார்க்காதே, அது திட்டுவதைவிடக் கெட்டது. முக்கியமாகக் காரில் திரும்பும்போது மேட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. என்ன சாப்பிடுகிறாய் என்று கேள், வாங்கிக் கொடு. அவனாக எடுத்தால் பேசு. திருத்த வேண்டியது இருந்தால் மூன்று நாள் கழித்துச் சொல், ஒன்றே ஒன்று சொல், காலைப் பற்றியோ கையைப் பற்றியோ சொல். அவனைப் பற்றிச் சொல்லாதே. டிவியில் எவன் எதை விட்டாலும் வீட்டுக்குள் திட்டாதே. வெளியே சிநேகிதர்களோடு இருக்கும்போது என்னவோ பண்ணிக்கொள், அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் வீட்டுக்குள் கட்டாயம் வேண்டாம்.

மஞ்சள் தூளும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் கொடுத்துவிடுகிறேன். முழங்கால் உறை ஒரு ஜோடி வைத்திருக்கிறேன், ஈரோட்டில் வாங்கியது, அளவு குத்துமதிப்புதான். ஆடவில்லை என்றால் அதை எடுத்து வைத்துவிடு, எதற்கு வாங்கினேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். அப்பா காசியண்ணன் தோட்டத்து வழக்கைப் பற்றி எழுதச் சொன்னார், அதை அவரே எழுதுவார்.

நித்தின் என்னிடம் பேசாவிட்டால் பரவாயில்லை, அப்பத்தாவிடம் பேச அந்த வயசில் என்ன இருக்கிறது. உன்னிடம் பேசுகிறானா? அதை மட்டும் எழுது. போனில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா