உன் தம்பி விஷயமாக

மாப்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, குறுவை அறுப்பில் மாட்டிக்கொண்டேன். அறுத்த நெல் மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பி, ரோட்டில் காயப்போட்டு அள்ளி, அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். சம்பா நடவு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான், தையில் கல்யாணம், இதனால் ஏதாவது ஆகுமா என்று கேட்டிருந்தாய். ஆகும் மாப்ள. கவிதாவிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊசி போட்டது ஜிம் மாஸ்டர் இல்லை, டாக்டர். எந்நேரமும் அசதி, எதிலும் நாட்டமில்லை என்று போனேன், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஆரம்பித்துவிட்டார். குழந்தை இருக்கிறதா, இனிமேல் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடம்பு தேறியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே சமயத்தில் ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் கவிதாவிடம் "விசேஷம் உண்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவளும் திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய் வாங்கி வந்து சாப்பிட்டாள், ஸ்கேன் எடுத்தாள், எல்லா டெஸ்டுக்கும் ரத்தம் கொடுத்தாள். என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கும்பகோணத்தில் ஒரு லேடி டாக்டர்தான் "அவருக்கு செமன் டெஸ்ட் எடுத்தீர்களா" என்றார். எடுத்துப் பார்த்தால் ஒரு விந்தணுகூட இல்லை.

நடப்பது இதுதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரையை வேலை வாங்குகிறது. ஊசி வழியாக டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று இரண்டையும் நிறுத்திவிடும். வாய்க்காலில் போர் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு மேலே மதகை அடைத்தவன் கதை. அணு உண்டாக விரைக்குள்ளே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், ஊசி அந்த அளவுக்கு அங்கே போய்ச் சேராது. ஆக, பார்க்க ஆள் முறுக்காக இருப்பான், உள்ளே உற்பத்தி நின்றிருக்கும். உலக சுகாதார நிறுவனம் இதே மருந்தை வாரம் 200 மில்லிகிராம் கொடுத்து, ஆண்களுக்கான கருத்தடையாக வேலை செய்கிறதா என்று சோதித்து, செய்கிறது என்று 1990-லேயே வெளியிட்டிருக்கிறது. கருத்தடை ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குத் தயாராகிறான் உன் தம்பி.

நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே திரும்பும். ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகலாம். எனக்கு முன்பே குறைவு என்பதால் சும்மா நிறுத்திவிட்டு உட்கார முடியாது, ஹெச்சிஜி ஊசி கொடுத்தார்கள். எல்ஹெச் செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். பொடியாக வரும், கூட வரும் தண்ணீரை மெதுவாக விட்டு, குலுக்காமல் உருட்டிக் கலக்கி, இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து வயிற்றில் போட வேண்டும், மிச்சம் ஃபிரிட்ஜில். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு என் மாமியார் எனக்கு சர்க்கரை என்றே முடிவு செய்துவிட்டார், அங்கே போனால் இன்றுவரை காபியில் சீனி கிடையாது. நானும் திருத்தவில்லை.

தொந்தரவுகளும் இருந்தன. டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது அதில் ஒரு பங்கு ஈஸ்ட்ரடயோல் என்கிற பெண் ஹார்மோனாக மாறும், மார்க்காம்பு சட்டை பட்டாலே வலித்தது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கண் கலங்கியது. ரத்தம் பார்த்து ஹெச்சிஜி அளவைக் குறைத்தார்கள், போதாமல் அந்த மாற்றத்தைத் தடுக்கும் அனஸ்ட்ரோசோல் மாத்திரை கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அதையும் இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது, ஈஸ்ட்ரடயோல் ரொம்ப இறங்கினால் மூட்டு வலி, எலும்புக்கும் கேடு. நடுவில் பிட்யூட்டரியைத் தூண்டிவிடும் குளோமிஃபீன் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்தது, ராத்திரி எதிரே லாரி வந்தால் வண்டி ஓட்ட முடியவில்லை. சொன்னதும் நிறுத்திவிட்டார் டாக்டர்.

இப்போது விந்தில் மில்லி லிட்டருக்கு ஆறு மில்லியன் அணு வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்குப்படி கீழ் வரம்பு பதினாறு மில்லியன். ஒரு அணு உருவாகி வெளியே வர கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆவதால் மாதாமாதம் டெஸ்ட் எடுப்பது வீண் செலவு, அடுத்து தையில்தான் பார்ப்போம். கவிதா நெய்யை விடவில்லை, எனக்கும் ஒரு ஸ்பூன் கொடுக்கிறாள்.

தம்பியை முதலில் செமன் டெஸ்ட் எடுக்கச் சொல். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுப் போக வேண்டும், ஊரிலிருந்து எடுத்துப் போகாமல் லேபிலேயே கொடுப்பது நல்லது. ஜிம்மில் 'ஊசி முடிந்ததும் இந்த மாத்திரை போடு, எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள், அதைக் கேட்டு இவனாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம், ஊசியை நிறுத்துவதையும் யூராலஜி டாக்டரிடம் கேட்டுச் செய்யட்டும். ரிப்போர்ட் மோசமாக வந்தால் பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு அந்தப் பெண்தான் ஊர் வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பாவுக்கு இது பிடிக்காது, தெரியும்.

உன்னிடம் பேசக் கூச்சப்படுவான். அவன் நம்பரை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன்.

ரவி